'புதிய ஆர்கோ மாலுமிகள்': ஒரு நூலாய்வு

கிரேக்கர் வழங்கிய பழங்கதைகளுள் ஆர்கோ என்னும் மரக்கலத்தின் கதை பெரும்புகழ் வாய்ந்தது. யேசன் என்னும் இளவரசன் தன் காலத்து வீரர் பலரைத் திரட்டிக்கொண்டு, கருங்கடலின் கீழ்க்கரையிலிருந்த கொல்கிசு நாட்டுக்குச் சென்று, உறங்காத நாகமொன்று காத்துநின்ற பொன்மயிர்த்தோலைக் கவர்ந்து மீண்டான் என்பது அதன் சுருக்கம். கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்துப் பேராசிரியர் அனாலீ சக்சீனியன் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'புதிய ஆர்கோ மாலுமிகள்' என்னும் நூல் இக்கதையினின்றே தன் பெயரைப் பெற்றது. தைவான், இசுரேல், இந்தியா, சீனா ஆகிய நாடுகளினின்று அமெரிக்காவுக்குக் கற்கச் சென்று, சிலிக்கன் பள்ளத்தாக்கிலே தொழில் பயின்று, பின்னர்த் தம் நாடுகளிற் புதிய கைத்தொழில்களுக்கு வித்திட்ட பொறியியலாளரையே அவர் ஆர்கோ மாலுமிகள் என்கிறார். உலகமயமாக்கம் பற்றியும் அறிவுப் பொருளாதாரம் பற்றியும் வெளிவந்த நூல்கள் எண்ணிறந்தன. அவற்றுட் பல, படித்து முடித்த மறுநாளே மறக்கத்தக்கவை. இந்நூல் அவ்வகையினதன்று. ஆதலின் அதனைப் பாராட்டி அமைதல் போதாது. அதன் கருத்தை உரைத்துப் பார்த்தலே அதற்குச் செய்யத்தக்க மதிப்பாகும்.

நூலின் வாதம் யாருக்கு மறுப்பாக எழுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1963இல் இங்கிலாந்தின் அரச கழகம் தன் நாட்டு விஞ்ஞானிகள் வட அமெரிக்காவுக்குப் பெயர்ந்து செல்வதைப் பற்றி அறிக்கை ஒன்று வெளியிட்டது. 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் வழக்குக்கு வந்தது அக்காலத்திலேயே. இரண்டாண்டுகளின் பின், 1965இல், அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி ஆசிய நாட்டவருக்கு நெடுங்காலம் அடைத்திருந்த கதவைத் திறந்தது. அதன்பின் இத்தொடர் இங்கிலாந்தைவிட ஏழை நாடுகளுக்கே பெரிதும் பொருந்துவதாயிற்று. கற்பிக்கும் செலவு ஒரு நாட்டினது, கற்றவனால் வரும் பயன் மற்றொரு நாட்டினது என்ற முறைப்பாடு எங்கும் ஒலித்தது. பொருளியலறிஞர் சகதீசு பகவதி, வெளியேறியோரின் வருவாய்மீது வரி விதித்து அவர்தம் தாய்நாடுகளுக்கு ஈடுசெய்யலாம் என்று 1970களின் முற்பகுதியில் முன்மொழிந்தார். எந்நாடும் அதனை அவர் எண்ணியவாறு நிறைவேற்றவில்லை. ஆயினும் அக்காலத்து மனநிலையை அம்முன்மொழிவு நன்கு காட்டும்: போனவன் போனவனே, அவன் விலையையேனும் பெற்றுக்கொள்வோம் என்பதே அம்மனநிலை.

சக்சீனியன் இதனை மறுக்கிறார். சென்றவர் இழக்கப்பட்டவர் அல்லர். அவர் வருவதும் போவதுமாக இரு கரைகளையும் இணைப்பவர். இது வெளியேற்றம் அன்று, சுற்றோட்டம் என்பது அவர் துணிபு. இத்துணிபுக்கு அவர் வெறுங்கையுடன் வரவில்லை. 1999இல் வெளியான அவருடைய முந்திய ஆய்வு, சிலிக்கன் பள்ளத்தாக்கில் 1980க்குப் பின் தொடங்கப்பட்ட உயர் தொழினுட்ப நிறுவனங்களுள் ஏறத்தாழக் காற்பங்கு சீனரும் இந்தியருமாகிய பொறியியலாளரால் நடத்தப்பட்டன என்று காட்டியது. அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்திலும் பெரிது, அவர்கள் கொண்டுசெல்லும் தொழில்முறை அறிவு என்பதை இந்நூல் விளக்குகிறது. எப்பொருளுக்கு எச்சந்தை உண்டு, எக்கருவியை எவரிடம் வாங்குவது, தோல்வியுற்றவனை எவ்வாறு நடத்துவது என்பன ஏட்டில் எழுதப்படாதவை; கூடித் தொழில் செய்தவர் வழியாகவே பரவுபவை. இப்பகுதிகளில் நூலாசிரியரின் நோக்குக் கூர்மையானது. நூலின் நிலைபேறான பயனும் இவற்றிலேயே உள்ளது எனலாம்.

ஆனால் உவமை ஒன்றைத் தலைப்பாகக் கொண்ட நூல் அவ்வுவமைக்கு அடிமையாதலும் உண்டு. மாலுமியைப் பாட்டுடைத் தலைவனாக்கினால் துறைமுகம் கண்ணுக்குத் தோன்றாது போய்விடும். நூல் எடுத்துக்கொண்ட நாடுகளுள் மிகுந்த வெற்றி பெற்ற தைவானின் வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்து நோக்குவார்க்கு இது தெளிவாகும்.

1960களிலும் 1970களிலும் தைவானிலிருந்து அமெரிக்கா சென்ற மாணவருள் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வருவதே அமெரிக்கா செல்வதற்காகத்தான் என்னும் கருத்தில் மாணவரிடையே எதுகைமொழி ஒன்றும் வழங்கியது. ஆயினும் அத்தீவின் அரசு அவர் திரும்பும்வரை கைகட்டி நிற்கவில்லை. தைப்பேக்குத் தென்மேற்கிலுள்ள சின்சு நகரில் சிங்குவா பல்கலைக்கழகம் 1956இலும் சியாவோதுங் பல்கலைக்கழகம் 1958இலும் மீள நிறுவப்பட்டன. 1968இல் ஒன்பதாண்டுக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. 1973இல் கைத்தொழில் தொழினுட்ப ஆய்வு நிறுவகம் உருவாயிற்று. இவற்றுள் ஒன்றேனும் திரும்பி வந்த முதலாளியின் செயலன்று.

1974 பெப்ரவரி மாதத்தில் ஒரு காலைப்பொழுது தைப்பே நகரத்துச் சோயாப்பால் கடையொன்றில் எழுவர் கூடி உணவுண்டனர். அவருள் ஒருவர் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான். அவர் தாமே ஒரு மின்பொறியியலாளர்; 1960களில் உலக வங்கியின் சார்பில் நைசீரியா சென்று அந்நாட்டு மின்சாரக் கூட்டுத்தாபனத்தை நடத்தித் திரும்பியவர். மற்றொருவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்து ஆய்வாளர் பான் வென்-யுவான். ஒருங்கிணைந்த மின்சுற்றுக்களைச் செய்யும் தொழிலைத் தைவான் மேற்கொள்ளலாம் என்றும், அதற்கு நான்கு ஆண்டுகளும் ஒரு கோடி அமெரிக்க டொலரும் வேண்டும் என்றும் ஆங்குப் பேசப்பட்டது. பான் தம் பதவியினின்று விலகி, அமெரிக்காவில் வாழ்ந்த சீனப் பொறியியலாளரைக் கொண்டு ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தார். 1976இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆய்வு நிறுவகத்தின் இளம் பொறியியலாளர் சில பத்துப் பேர் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்குச் சென்று பயின்று திரும்பினர். 1977இல் சின்சுவில் எழுந்த மாதிரித் தொழிற்சாலை, பழுதற்ற சில்லுகளைச் செய்யும் வீதத்திற் கற்பித்தவரின் தொழிற்சாலையையே விஞ்சியது. (ஆர்.சி.ஏ.யோ 1986இல் வேறொரு நிறுவனத்தின் உடைமையாகித் தன் தனிவாழ்வை இழந்தது. ஆசானின் கதி இதுவாக மாணாக்கன் வளர்ந்ததைத் தொழில் வரலாற்றில் அடிக்கடி காணலாம்.) 1980இல் அவ்வாய்விலிருந்து முதற் கம்பனி பிரிந்தது, அவ்வாண்டு திசெம்பரிலே சின்சு அறிவியற் பூங்கா திறக்கப்பட்டது. 1983இல் வெளிநாட்டிலிருந்து வருவோரின் பிள்ளைகள் இருமொழியிற் பயிலும் பிரிவோடு பாடசாலை ஒன்றும் அங்கே அமைந்தது. வரிச்சலுகைகளைப் பற்றி எழுதுவோர் பலர். இப்பாடசாலையைப் பற்றி எழுதுவோர் சிலர். சீனம் எழுதவறியாத தம் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்றஞ்சிய தாய்தந்தையர்க்கு எது பெரிதாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

திரும்பியோர் பெருகியது இதன் பின்னரே. நூற்றாண்டு முடிவில் அப்பூங்காவிலிருந்த நிறுவனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவிற் கற்றுத் திரும்பியோரால் தொடங்கப்பட்டவை. இத்தொகையை மாத்திரம் காண்பவர் மாலுமிகளே யாவற்றையும் செய்தனர் என்பர். அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளையும் சேர்த்துக் காண்பவர் அவ்வாறு கூறத் துணியார். அரசின் பங்கினைச் சக்சீனியன் மறைத்தார் என்பது இங்குக் கூறப்படும் குற்றமன்று. அவர் அதனைக் குறிப்பிடவே செய்கிறார். ஆயினும் அவர் தம் கதையிலே அது பாயும் திரையும் போன்றது; நாடகம் மாலுமியினது. அவருடைய சான்றுகளிற் பெரும்பகுதி தொழில் நடத்துவோரின் வாய்மொழியாதலும் இதற்கு ஒரு காரணம். வென்றவன் தன் கதையைச் சொல்லும்போது தன் துணிவே முன்னிற்கும்; தனக்கு முன் நிலத்தைச் சமன்செய்த எழுதுவினைஞன் நினைவுக்கு வருவதில்லை.

இனி, 'திரும்புதல்' என்னும் சொல்லையும் சிறிது ஆராயவேண்டும். தைவானுக்குத் 'திரும்பிய' அறிஞருள் முதன்மையானவராகச் சுட்டப்படுபவர் மொறிஸ் சாங். அவர் 1931இற் சீனப் பெருநிலத்து நிங்போவிற் பிறந்தார். 1949இல் அமெரிக்கா சென்றார். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கான தகுதித் தேர்வில் இருமுறை தவறினார். ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தில் 1958 தொடக்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து, இடையில் 1964இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். 1985இல், தமது ஐம்பத்துநான்காம் வயதில், ஆய்வு நிறுவகத்தின் தலைவராகத் தைவான் வந்தார். அதற்கு முன் அத்தீவு அவர் வாழ்ந்த இடமன்று. அவர் வந்தது நினைவில் நின்ற முற்றத்துக்கு அன்று. தம் வாழ்நாளின் அறிவுக்கு ஏற்ற பணியிடத்துக்கு. 1987இல் அவர் நிறுவிய தைவான் குறைகடத்தி உற்பத்திக் கம்பனி, தனக்கெனச் சில்லு எதனையும் வடிவமைக்காது பிறர் வடிவமைத்தவற்றைச் செய்துகொடுப்பதையே தொழிலாகக் கொண்டது. அம்முறைமைக்கு முன்னோடி இல்லை. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் முதலிட மறுத்தன. உள்ளூர்ச் செல்வர் அரசு வற்புறுத்திய பின்னரே பணம் தந்தனர். முதலிற் செம்பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை, 48.3 வீதத்தை, அரசே ஏற்றது, 27.5 வீதம் ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தினது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளிற் பெரும்பாலானவை அக்கம்பனியின் தொழிற்சாலைகளிலே செய்யப்படுகின்றன.

மறுபுறத்தில், அனைத்துக்கும் வித்திட்ட பான் வென்-யுவானோ தைவானிலே குடியேறவில்லை, அமெரிக்காவிலிருந்தே பணிசெய்தார். திரும்பியவர் முன்பு அங்கு வாழ்ந்தவரல்லர். அங்குப் பெரும்பணி ஆற்றியவர் திரும்பியவரல்லர். தாய்நாட்டுப் பற்று என்னும் ஒன்றைக்கொண்டு இவ்விருவரையும் விளக்குதல் இயலாது. சக்சீனியனின் 'சுற்றோட்டம்' என்னும் கருத்துப் பானுக்கு நன்கு பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் அவரைப் பெறுவதற்கு, அவர் சொல்வதைக் கேட்டு மறுநாளே செயற்படத்தக்க அமைச்சர் ஒருவர் மேசையின் எதிர்ப்புறத்தில் இருந்தார்.

துறைமுகத்தை அரசு கட்டினாற் போதுமா எனின், அதுவும் போதாது. இந்தியா 1970களிலேயே குறைகடத்தித் தொழிலுக்கு அரசுக் கம்பனி ஒன்றை அமைத்தது. பஞ்சாபின் மொகாலி நகரில் அதன் தொழிற்சாலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989இல் ஏற்பட்ட தீவிபத்து அதனைப் பெரிதும் அழித்தது. அழிந்ததை விரைந்து எழுப்புவார் இலர். தைவானிலே ஆய்வு நிறுவகத்திலிருந்து கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தம்முட் போட்டியிட்டன. மொகாலியிலோ எல்லாம் ஒரே கூரையின் கீழிருந்தன. அக்கூரை எரிந்தபோது தொழிலும் எரிந்தது. இந்தியப் பொறியியலாளரின் ஆற்றல் வேறு வழியிற் சென்றது: 1985இல் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் பெங்களூரிலே வடிவமைப்பு நிலையம் நிறுவியதும், மென்பொருட்டொழில் வளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. சிறு நிறுவனங்கள் பலவாகி, கூடியும் போட்டியிட்டும் வளர்தலே ஒரு பிரதேசத்தின் வலிமை என்பது சக்சீனியன் 1994இல் எழுதிய முதல் நூலிலேயே நிறுவிய கருத்து. மொகாலி அக்கருத்துக்கு நல்ல சான்று. இவ்விடத்தில் வெற்றி அவருக்கே.

ஆயின் நூலின் வாதம் தாங்கமாட்டாத செய்தி ஒன்றுண்டு. மேற்கூறிய யாவும் நிகழ்ந்த காலத்தில் தைவான் இராணுவச் சட்டத்தின் கீழிருந்தது. 1949இற் பிறந்த அச்சட்டம் 1987 யூலையிலேதான் நீங்கியது. அமெரிக்காவிற் பயின்ற தைவான் மாணவரின் பேச்சையும் கூட்டங்களையும் அரசின் ஒற்றர் கவனித்தனர். வேண்டாதார் பெயர்கள் கரும்பட்டியலிற் சேர்ந்தன. அவர் நாடு திரும்ப முடியாதாயிற்று. பிற்ஸ்பேக் நகரத்துக் காணகி மெலன் பல்கலைக்கழகத்திற் புள்ளிவிபரவியல் கற்பித்த இளம் உதவிப் பேராசிரியர் சென் வென்-செங், 1981இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் உறவினரைக் காணத் தைப்பே வந்தார். யூலை 2ஆம் நாள் பாதுகாப்புத் தலைமையகத்தார் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் தாம் பயின்ற தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தின் வளாகத்திற் பிணமாகக் கிடந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. சின்சுப் பூங்கா திறக்கப்பட்டு ஏழு மாதங்கூட நிறையவில்லை. 2020இல் அந்நாட்டின் நிலைமாறுகால நீதி ஆணைக்குழு, அம்மரணத்தில் அரசின் பாதுகாப்புப் பிரிவினருக்குத் தொடர்பிருக்கும் வாய்ப்பே மிகுதி என்று கூறியது. 2021இல் பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாகச் சதுக்கம் ஒன்று திறக்கப்பட்டது.

ஒரே அரசு ஒரு கையால் அறிஞரை அழைத்தது. மறுகையால் அறிஞரைப் பற்றியது. அழைக்கப்பட்டவன் கையாற் செய்பவன். பற்றப்பட்டவன் வாயாற் பேசியவன் என்று சமாதானம் கூறுவார் இருக்கலாம். சென் வென்-செங் கணிதத்தோடு அமைந்திருந்தால் அவரையும் ஆர்கோ மாலுமிகளுள் ஒருவராகப் போற்றியிருப்பர் என்பதே அச்சமாதானத்தின் பொருள். சின்சுவுக்குத் திரும்புவோர் தொகை பெருகிய காலமும் இராணுவச் சட்டம் நீங்கிய காலமும் அடுத்தடுத்து வருகின்றன. அமெரிக்காவில் வேலை குன்றியதும் தைவானிலே ஊதியம் உயர்ந்ததும் அதற்குக் காரணங்களாகலாம். எதன் பங்கு எவ்வளவு என அளந்து கூறல் எளிதன்று. உயர்கல்வியில் முதலிட்டு, அரசியல் நிலைபேறும் வாய்ந்த நாடுகளுக்கே சுற்றோட்டம் கைகூடும் என்று சக்சீனியனும் கூறுகிறார். ஆனால் 'நிலைபேறு' என்னும் சொல் இங்கு மிக மெலிந்தது. 1981இன் தைவான் நிலைபேறு மிக்க நாடுதான். எவருக்கு நிலைபேறு என்பதே வினா.

இவ்விடத்தில் ஆர்கோவின் கதையை மீண்டும் நோக்குதல் தகும். தலைப்புக்கு வேண்டிய அளவே நூலாசிரியர் அதனை எடுத்துக்கொண்டார். எஞ்சிய பகுதி அவருக்குப் பகையாகிறது. யேசனைக் கொல்கிசுவுக்கு அனுப்பியவன் அவன் சிற்றப்பன் பெலியாசு. அரசு உரிமையாளனாகிய யேசனிடமிருந்து சிங்காசனத்தைக் காத்துக்கொள்ளவே, அவன் திரும்பான் என்னும் நம்பிக்கையில், மன்னன் அவனைக் கடல் கடந்து போக்கினான். யேசனோ பொன்மயிர்த்தோலுடன் மீண்டான். அரசு அவனுக்குக் கிட்டவில்லை. பழியும் கொலையும் சூழ, மனைவியோடு கொரிந்து நகருக்குப் புலம்பெயர்ந்தான். தாயகம் மீண்டவன் தாயகத்தில் வாழவில்லை என்பதே கிரேக்கர் சொன்ன கதை.

பெலியாசுக்கள் கிரேக்கத்தில் மாத்திரம் இருந்தவரல்லர். சோயாப்பால் கடையிற் பேச்சு நிகழ்ந்த அதே 1974ஆம் ஆண்டில், தொழினுட்பம், உயர்தொழில், கல்வி ஆகியவற்றில் தகைமை பெற்றோர் இலங்கையை விட்டு வெளியேறுவது பற்றி ஆராய்ந்த அமைச்சரவைக் குழுவின் அறிக்கை கொழும்பில் வெளிவந்தது. இரண்டும் தீவுகள்; குடித்தொகையிலும் அக்காலத்திற் பெரிதும் வேறுபடாதவை. இலவசக் கல்வியில் இலங்கை 1945இலேயே முந்திக்கொண்டது. ஆனால் அதே 1970களின் தொடக்கத்தில், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாணவரைத் தெரிவதில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்தது. வெளியேறுவோரை எண்ணிக் கவன்ற அரசே, தமிழ் மாணவர் உள்ளே புகும் வாயிலையும் ஒடுக்கியது. 1983இன் பின்னர் வெளியேறியோரைப் பற்றி எக்குழுவும் விளக்கம் தர வேண்டியதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பொறியியலாளராயும் மருத்துவராயும் விளங்கும் அவர்களுட் பலர் பாடசாலைக்குக் கட்டடம் தருகின்றனர். பரிசு நிதியம் நிறுவுகின்றனர். இவை நன்கொடைகள், சக்சீனியன் விரித்துரைக்கும் தொழிலறிவின் பாய்ச்சல் வேறு. 2022இன் பொருளாதார நெருக்கடி இந்நாட்டிலிருந்து மேலும் பல மருத்துவரை வெளியே அனுப்பியது. இம்முறை மொழி வேறுபாடின்றி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2010களில் கிளிநொச்சியிலே தொடங்கப்பட்டது. அது அமைந்துள்ள இடத்தின் பெயர் அறிவியல் நகர். சின்சுவிற் சிங்குவா பல்கலைக்கழகம் மீள எழுந்த ஆண்டுக்கும் பூங்கா திறந்த ஆண்டுக்கும் இடையே சென்றவை இருபத்துநான்கு ஆண்டுகள்.